ட்ரை வெயிட் சரி, உடம்பில் தண்ணீர் சரியில்லை: டயாலிசிஸ் நோயாளிகளின் நீர்க்கோப்பும் அழற்சியும்

டயாலிசிஸ் முடிந்ததும் எடை பார்க்கிறார்கள். 56 கிலோ. சார்ட்டில் எழுதியிருக்கும் ட்ரை வெயிட்டும் (கூடுதல் தண்ணீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை) 56. கணக்கு நேராகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அன்று இரவே படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை தேவைப்படுகிறது, பி.பி. 170-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. மெஷினில் கோளாறு இல்லை. இரண்டு மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், வாய்க்கு ருசி இல்லை, சாப்பாடு பாதி. இதில் இரண்டு கிலோ சதை கரைந்துபோயிருக்கிறது. அந்த இரண்டு கிலோவின் இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டது. எடை மெஷினுக்குச் சதைக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாது.

நீர்க்கோப்பையும் (உடம்பில் தண்ணீர் தேங்குவது) அழற்சியையும் (இன்ஃப்ளமேஷன்) தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பிடிபடாமல் போவது இதனால்தான். உடம்பில் எங்கோ அழற்சி ஓடிக்கொண்டிருந்தால் பசி குறையும், தசை கரையும், ரத்தத்தில் ஆல்புமின் இறங்கும். ஆல்புமின்தான் தண்ணீரை ரத்தக் குழாய்க்குள் பிடித்துவைக்கும் புரதம். அது குறைந்தால் தண்ணீர் கசிந்து திசுக்களில் தேங்கும். அப்போது மெஷினில் தண்ணீர் எடுத்தால் பி.பி. சட்டென்று விழும், கால் வீக்கமோ அப்படியே இருக்கும். மறுபக்கம், தேங்கிய தண்ணீர் குடல் சுவரையும் வீங்கவைக்கிறது. வீங்கிய குடல் சுவர் வழியே பாக்டீரியாக்களின் நச்சுக் கழிவுகள் ரத்தத்தில் கசிய வாய்ப்பு கூடுகிறது. அவசர அவசரமாக அதிகத் தண்ணீர் எடுத்து பி.பி. அடிக்கடி விழுந்தாலும் குடலுக்கு ரத்தம் குறைந்து அதே கசிவு நடக்கும். ஒன்று மற்றொன்றுக்குத் தீனி போடுகிறது.

கீழே உள்ள படிகள் வாரம் இரண்டோ மூன்றோ முறை ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும். மருந்தின் அளவையோ ட்ரை வெயிட்டையோ நீங்களாக மாற்ற வேண்டாம். என்ன கவனிக்க வேண்டும், டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இது.

முதல் படி: எடையை ஒழுங்காகப் பாருங்கள்

எளிதான வேலை, ஆனால் அதிகம் தவறுவது இங்கேதான். ஒரே எடை மெஷின், ஒரே மாதிரி உடை, செருப்பு இல்லாமல், சட்டைப்பையில் போனும் சாவியும் இல்லாமல். டயாலிசிஸ் முடிந்தபின் கையில் சுற்றிய கட்டு, மேலே போட்ட சால்வை எல்லாம் எடைதான். வீட்டில் தினமும் காலையில் எழுந்து கழிவறை போய்வந்ததும் ஒரு முறை பாருங்கள். மூன்று நாள் மலச்சிக்கல் இருந்தால் எடை கூடிக்காட்டும், அதைத் தண்ணீர் என்று எண்ணி எடுத்தால் தசைப்பிடிப்பில் முடியும்.

இரண்டாம் படி: மெஷினில் போடும் கணக்கு உங்களுக்கும் தெரியட்டும்

ட்ரை வெயிட் 56 கிலோ உள்ள ஒருவர் 59.2 கிலோவில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறிய எடை 3.2 கிலோ. முடிவில் ரத்தத்தைத் திருப்பி உடம்புக்குள் விட ஏறக்குறைய 200 மி.லி. சலைன் உள்ளே போகும். நடுவில் இட்லி, டீ என்று இன்னொரு 200. ஆக எடுக்க வேண்டியது 3.6 லிட்டர்.

நான்கு மணி நேரத்தில் இதை எடுத்தால் கிலோவுக்கு, மணிக்கு 16 மி.லி. ஆகிறது. 13-ஐத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 10-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. இதே 3.6 லிட்டரை ஐந்து மணி நேரத்தில் எடுத்தால் 13-க்குச் சற்றுக் கீழே வந்துவிடும். ஆகவே எடை கூடுதலாக ஏறிய நாளில் கேட்க வேண்டியது, “இன்னைக்கு ஒரு மணி நேரம் சேர்த்து ஓட்ட முடியுமா, இல்லேன்னா நாளைக்கு ஒரு எக்ஸ்ட்ரா கிடைக்குமா?” என்பதுதான். “எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துடுங்க” என்பது அல்ல. அடுத்த ஷிஃப்ட் ஆள் வெளியே காத்திருக்கும்போது அந்த ஒரு மணி நேரம் கிடைப்பது கஷ்டம்தான், ஆனாலும் கேளுங்கள்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் வீட்டுக்கான அளவு கிடைக்கும். 56 கிலோக்காரருக்கு நான்கு மணி நேரத்தில் அதிகபட்சம் 2.9 லிட்டர். சலைன், சாப்பாட்டுக்காக 400 மி.லி. கழித்தால் 2.5 கிலோ. வாரம் மூன்று முறை வருபவருக்கு நீண்ட இடைவெளி மூன்று நாள், ஒரு நாளைக்கு 800 கிராம் ஏறலாம். வாரம் இரண்டு முறை மட்டும் வருபவருக்கு நான்கு நாள் இடைவெளி விழும், அவருக்கு ஒரு நாளைக்கு 600 கிராம்தான். செலவு கருதியும் தூரம் கருதியும் இரண்டோடு நிறுத்திக்கொள்பவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்கு உப்புக் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை யாரும் இப்படிக் கணக்காகச் சொல்வதில்லை.

மூன்றாம் படி: தண்ணீருக்கு முன் உப்பு

“தண்ணி குடிக்காதீங்க” என்று எல்லோரும் சொல்வார்கள். உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்க எந்த மனிதராலும் முடியாது. காரணம் எளிய வேதியியல். உடம்புக்குள் வரும் ஏறக்குறைய 8 கிராம் உப்பு ஒரு லிட்டர் தண்ணீரைக் கேட்கும். ரத்தத்தின் சோடியம் பழைய அளவுக்கு வரும்வரை மூளை தாகத்தை நிறுத்தாது. சிறுநீர் நின்றுபோனவர் ஒரு நாளைக்கு 12 கிராம் உப்பு சாப்பிட்டால் ஒன்றரை லிட்டர் ஏறித்தான் தீரும். அவரைத் திட்டிப் பயனில்லை.

இலக்கு ஒரு நாளைக்கு 5 கிராம். முதலில் வீட்டில் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம். அப்பளம், ஊறுகாய், கடைச் சாப்பாடு எல்லாம் இதற்கு மேல்.

அடுத்து, மாதம் முதல் தேதி ஒரு சின்ன பாட்டிலில் 100 கிராம் உப்பை அளந்து போட்டு நோயாளியின் பெயரை ஒட்டிவிடுங்கள். அவர் தட்டுக்கு அதிலிருந்து மட்டும்தான் உப்பு. நாளைக்கு 3 கிராம் சொச்சம் வரும், அரை டீஸ்பூனைவிடக் கொஞ்சம் அதிகம். மீதி உணவுப் பொருளிலேயே இருக்கும் சோடியத்துக்கும் எப்போதாவது வாங்கும் ரொட்டி, பிஸ்கட்டுக்கும் போகும். பாட்டில் இருபதாம் தேதியே காலியானால் எடை ஏறுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

தனிச்சமையல் வேண்டாம், அது ஒரு மாதம்கூடத் தாங்காது. இட்லி மாவில் உப்புப் போடும் முன் அவர் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவைத்துவிடுங்கள். பொரியலை உப்பில்லாமல் வதக்கி, அவர் பங்கை எடுத்தபின் மற்றவர்களுக்கு உப்புச் சேருங்கள். அவர் தட்டில் சாப்பிடும்போது மேலே தூவினால் அதே கால் ஸ்பூன் நாக்குக்கு இரண்டு மடங்காகத் தெரியும். மிளகு, சீரகம், எலுமிச்சைச் சாறு, பூண்டு, மல்லித்தழை தாராளமாகச் சேரட்டும். இரண்டு, மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

கருவாடு, மோர்மிளகாய், வடகம், ஊறுகாய் நான்கும் வீட்டை விட்டே போகட்டும். சோடா உப்புப் போட்ட பலகாரமும், தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளும் சோடியம்தான். இந்துப்பு நல்லது என்று யாராவது சொன்னால், அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான் என்று சொல்லுங்கள். ‘லோ சோடியம்’ உப்பு அதைவிட ஆபத்து. சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு அது இதயத்தை நிறுத்தக்கூடிய பொருள்.

மெஷின் வழியாகவும் உப்பு ஏறும். தசைப்பிடிப்பு வராமல் இருக்க டயாலிசிஸ் திரவத்தில் சோடியத்தை உயர்த்தி வைப்பதுண்டு. அன்றைக்கு நிம்மதியாக இருக்கும், இரவில் தாகம் தாளாது. வழக்கத்தைவிட டயாலிசிஸ் முடிந்த நாளில்தான் அதிகத் தாகம் என்றால் சோடியம் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள்.

நான்காம் படி: தண்ணீரை ஒரு பாட்டிலில் கட்டுங்கள்

முந்தைய 24 மணி நேரச் சிறுநீரின் அளவுடன் 500 மி.லி. சேர்த்தால் அதுதான் அன்றைய பானங்களுக்கான பொதுக் கணக்கு. சிறுநீர் 300 என்றால் 800. காலையில் 800 மி.லி. தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பிவையுங்கள். 120 மி.லி. காபி குடித்தால் அதே அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். ரசம், மோர், கஞ்சி, பாயசம், ஐஸ்கிரீம் எல்லாவற்றுக்கும் இதே விதி. சாயங்காலம் பாட்டிலில் எவ்வளவு மீதி என்பது கண்ணுக்குத் தெரியும்போது மனம் தானாகப் பங்கிட்டுக்கொள்ளும். மாத்திரைக்கு மட்டும் ஒரு நாளைக்கு அரை டம்ளர், ஒரு டம்ளர் போய்விடுகிறது. சாப்பாட்டோடு விழுங்க வேண்டிய, பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சோற்று உருண்டையோடே சாப்பிட்டுவிடலாம்.

வாய் வறண்டால் கொப்பளித்துத் துப்புங்கள், ஏலக்காய் மெல்லுங்கள், ஒரு ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிவையுங்கள். இளநீர் கோடையில் ஆசை காட்டும். தண்ணீரோடு பொட்டாசியமும் நிறைய உள்ளதால் கூடவே கூடாது.

சர்க்கரை நோயாளியின் தாகத்துக்குத் தனிக் காரணம் உண்டு. சர்க்கரை 400-க்குப் போனால் அது செல்களிலிருந்து தண்ணீரை ரத்தத்துக்கு இழுக்கும், தாகத்தையும் கிளப்பும். சிறுநீர் வழியே வெளியேற வழி இல்லாததால் அத்தனையும் நுரையீரல் பக்கம் திரும்பும். இவருக்குத் தண்ணீர்க் கட்டுப்பாடு என்பது சர்க்கரைக் கட்டுப்பாடுதான்.

இன்னும் சிறுநீர் போகிறவர்கள் அதைப் பொக்கிஷம்போலக் காக்க வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் மிச்சமிருக்கும் அந்த 300 மி.லி.யையும் நிறுத்திவிடக்கூடும். சிறுநீர் போகிறவருக்கு, சிறுநீரைக் கூட்டும் ஃப்ரூசமைடு மாத்திரை இன்னும் பயன்படலாம், டாக்டரிடம் கேளுங்கள். முழுவதும் நின்றுபோனவருக்கு அதனால் பயனில்லை.

ஐந்தாம் படி: ட்ரை வெயிட்டைச் சந்தேகப்படுங்கள்

ஒரு முறை எழுதிவைத்த எண் ஆறு மாதம் சார்ட்டில் அப்படியே கிடப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. மாதம் ஒரு முறையும், காய்ச்சலோ ஆஸ்பத்திரி வாசமோ முடிந்து திரும்பிய முதல் வாரத்திலும் இதைத் திரும்பப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கூடுதல் தண்ணீர் இருப்பதற்கான அடையாளங்கள்: கீழ்க்கால் எலும்பின் மேல் பத்து வினாடி அழுத்தினால் குழி விழுவது, காலையில் கண் இமை வீக்கம், மோதிரம் இறுகுவது, படுத்தால் இருமல், டயாலிசிஸ் முடிந்த பின்னும் பி.பி. 150-க்கு மேல். படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் கால் வீங்காது, இடுப்பின் பின்பக்கம் அழுத்திப் பாருங்கள். கால் வீக்கம் இல்லை என்றால் தண்ணீர் இல்லை என்று நம்பிவிட வேண்டாம். இரண்டு, மூன்று லிட்டர் தேங்கிய பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன்பே நுரையீரலில் நீர் இருக்கலாம். நுரையீரல் ஸ்கேனும், உடம்பின் நீர் அளவைச் சொல்லும் பயோஇம்பிடன்ஸ் கருவியும் இருக்கும் இடங்களில் கேட்டுப் பாருங்கள். இரண்டும் இல்லாத ஊரில் நெஞ்சு எக்ஸ்ரேயில் இதயத்தின் அகலம் மார்பு அகலத்தில் பாதியைத் தாண்டுகிறதா என்பதே நல்ல துப்பு.

தண்ணீரை அளவுக்கு மீறி எடுத்துவிட்டதன் அடையாளங்கள் வேறு: கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடிப்பு, முடிந்தபின் குரல் கம்முதல், எழுந்தால் தலைசுற்றல், மறுநாள் வரை நீளும் அசதி. மெஷினில் இருக்கும்போது தொடர்ந்து கொட்டாவி வந்தால் பி.பி. இறங்கப்போகிறது. உடனே சொல்லுங்கள்.

ட்ரை வெயிட்டைக் குறைப்பது மெதுவாக நடக்க வேண்டும், ஒரு முறைக்கு 200 முதல் 500 கிராம் வரை. அமெரிக்காவில் 150 பேரை வைத்துச் செய்து 2009-ல் வெளியான ‘ட்ரிப்’ ஆய்வில், மருந்து எதையும் கூட்டாமல் எட்டு வாரத்தில் ஒரு கிலோ அளவுக்கு ட்ரை வெயிட்டை இறக்கியதிலேயே மேல் பி.பி. ஆறு, ஏழு புள்ளி குறைந்தது. ஒரு விஷயம் பொறுமையைச் சோதிக்கும். தண்ணீர் குறைந்த அன்றே பி.பி. குறையாது, பல வாரம் கழித்துத்தான் இறங்கும். பிரான்சில் லியோன் நகரை ஒட்டிய டாசினில் எட்டு மணி நேர டயாலிசிஸும் உப்புக் குறைத்த சாப்பாடும் கொடுத்த டாக்டர்கள் இந்தத் தாமதத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கே பெரும்பாலானோருக்கு பி.பி. மாத்திரையே தேவைப்படவில்லை. நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. பி.பி. ஏறினால் நாலாவது மாத்திரை எழுதுவார்கள். அந்த மாத்திரையால் மெஷினில் பி.பி. விழும். விழுந்தால் சலைன் ஏற்றுவார்கள். எடுக்க வந்த தண்ணீர் திரும்ப உள்ளே போகும்.

பி.பி. விழுகிறவருக்குச் சலைனைத் தவிர வேறு வழிகளும் உண்டு. திரவத்தின் வெப்பநிலையை 35.5 முதல் 36 டிகிரிக்கு இறக்குவது, அன்று காலை பி.பி. மாத்திரையைத் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடம் கேட்பது, நடுவில் வயிறு நிறையச் சாப்பிடாமல் இருப்பது.

ஆறாம் படி: அழற்சி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள்

சந்தேகம் எப்போது வர வேண்டும்? ஆல்புமின் 3.5-க்குக் கீழே, ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபாய்ட்டின் ஊசி ஏற்றியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) உயரத்தில், ரத்தத்தில் இரும்பின் செறிவு (டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன்) 20 சதவீதத்துக்குக் கீழே, பசி இல்லை. அப்போது சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழ் இயல்பு. சில லேப்கள் டெசிலிட்டரில் தருவார்கள், அங்கே 1.2 என்றால் மற்ற லேபின் 12. அலகைப் பார்க்காமல் ஒப்பிட வேண்டாம். சளிக் காய்ச்சலோடு எடுத்த ஒரு சி.ஆர்.பி.யை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சில வாரம் விட்டு மறுபடி எடுத்தும் 10-க்கு மேலேயே நின்றால் காரணம் தேட வேண்டும்.

முதலில் கழுத்து லைன், அதாவது டயாலிசிஸுக்காகக் கழுத்து ரத்தக் குழாயில் போட்டிருக்கும் டியூப். தற்காலிகக் கத்தீட்டராக இருந்தாலும் நீண்ட நாள் வைக்கும் பெர்ம்கேத்தாக இருந்தாலும் அதன் உள்சுவரில் கிருமிகள் படலமாகப் படியும். காய்ச்சலே இல்லாமலும் சி.ஆர்.பி. உயர்ந்தே இருக்கும். மெஷினில் போட்ட சிறிது நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால், ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன் லைனிலிருந்தும் கை நரம்பிலிருந்தும் ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) அனுப்ப வேண்டும். ஊசி போட்ட பிறகு எடுத்தால் கிருமி பிடிபடாமல் போகலாம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்வது) தயாரானதும் லைனை எடுத்துவிடுவதுதான் அழற்சிக்கு நேரடியான மருந்து. “எதுக்கும் இருக்கட்டும்” என்று விட்டுவைக்கக் கூடாது.

குளிர் நடுக்கம் ஒருவருக்கு மட்டும் வந்தால் லைன். ஒரே ஷிஃப்டில் மூன்று பேருக்கு வந்தால் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் திரவம் ரத்தத்தை ஒட்டி, ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் ஓடுகிறது. டயாலிசிஸ் தண்ணீரில் ஒரு மி.லி.க்கு பாக்டீரியா 100-க்குக் கீழேயும், எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு 0.25 அலகுக்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். ‘அல்ட்ராப்யூர்’ திரவம் என்றால் முறையே 0.1, 0.03. “கடைசியா தண்ணி கல்ச்சர் எப்போ எடுத்தீங்க?” என்று கேட்பது உங்கள் உரிமை, மாதத்துக்கு ஒரு முறையாவது எடுத்திருக்க வேண்டும். நேற்றுக் கரைத்த பைகார்பனேட் கேனில் மீந்ததை இன்று பயன்படுத்துவது கெட்ட பழக்கம், பாக்டீரியா வளர அதைவிட வசதியான இடம் இல்லை.

அடுத்து வாய். ஈறில் ரத்தம், ஆடும் பல், சொத்தை எல்லாம் வருடக்கணக்கில் புகையும் நெருப்பு. பல் டாக்டரிடம் போகும்போது டயாலிசிஸில் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) போடுகிறார்கள் என்று சொல்லி, டயாலிசிஸ் இல்லாத நாளில் போங்கள். சர்க்கரை உள்ளவர் தினமும் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். டயாலிசிஸுக்காக வைத்து, அடைத்துப்போய்க் கைவிட்ட பழைய கிராஃப்ட் (செயற்கைக் குழாய்), நிராகரிக்கப்பட்டு உள்ளேயே இருக்கும் மாற்றுச் சிறுநீரகம் இரண்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் நாட்டில் காசநோய் பட்டியலில் மேலே இருக்க வேண்டும். சாயங்காலம் லேசான காய்ச்சல், இரவு வியர்வை, கழுத்தில் நெறிக்கட்டி, எடைக் குறைவு என்றால் இருமல் இல்லாவிட்டாலும் பரிசோதியுங்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு அது நுரையீரலுக்கு வெளியேதான் அடிக்கடி ஒளிந்திருக்கும்.

தண்ணீரைச் சரியாக எடுத்தாலே சி.ஆர்.பி. இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிலருக்கு இறங்கும், சிலருக்கு இறங்காது. மூல காரணம் லைனில் இருந்தால் உப்பைக் குறைத்து அதை ஆற்ற முடியாது.

ஏழாம் படி: கரைந்த சதையைத் திரும்பக் கட்டுங்கள்

டயாலிசிஸ் தொடங்கும் முன் “பருப்பு வேண்டாம், முட்டை வேண்டாம்” என்று சொல்லியிருப்பார்கள். தொடங்கிய பிறகும் அதே பத்தியத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது நம் வீடுகளில் சகஜம். இப்போது தேவை கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம், 56 கிலோவுக்கு 56 முதல் 67 கிராம். ஒரு முட்டை வெள்ளையில் 3.5 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் ஏறக்குறைய 20. சைவம் என்றால் பனீர், பருப்பு, கெட்டித் தயிர், பொட்டாசியமும் பாஸ்பரஸும் பார்த்து. சாம்பாராகக் குடிக்காமல் பருப்பைக் கெட்டியாகச் சாப்பிட்டால் புரதமும் கிடைக்கும், தண்ணீரும் மிச்சம்.

சாப்பாடு தேறி சதை வைத்தால் ட்ரை வெயிட்டை இப்போது உயர்த்த வேண்டும். உயர்த்தாவிட்டால் பிடிப்பும் மயக்கமும் வரும். நல்ல காரணத்துக்காக வரும் பிடிப்பு அது, ஆனால் சார்ட்டில் எண் மாறினால்தான் போகும்.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் உப்பு விதி இதேதான். எடையோடு வெளியேறும் திரவத்தின் அளவையும் தினமும் குறியுங்கள். அது கலங்கலாக இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது, இளஞ்சிவப்பு நுரையோடு சளி வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் நாளைய ஷிஃப்டுக்குக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள். காலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்காரவையுங்கள், ஒரு வாய் தண்ணீரும் வேண்டாம். போகிற இடத்தில் இரவிலும் டயாலிசிஸ் உண்டா என்று வண்டியிலிருந்தே கேட்டுவிடுங்கள். சிறுநீர் நின்றுபோனவருக்கு அவசர ஊசிகள் கொஞ்ச நேரம்தான் தாங்கும், தண்ணீரை வெளியே எடுப்பது மெஷின்தான். ட்ரை வெயிட், கடைசி டயாலிசிஸ் தேதி, ஃபிஸ்டுலா எந்தக் கையில் என்ற மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி அவர் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருங்கள். ஃபிஸ்டுலா உள்ள கையில் பி.பி. பார்க்கவோ ஊசி ஏற்றவோ விடக் கூடாது.